அங்கன மசங்கிருச்சா?

பூங்கொடிக்கு மணி பார்க்கத் தெரியாது என்றில்லை. கையில் போன் இருக்கிறது, அதில் மணி ஓடுகிறது. ஆனாலும் சாயங்காலத்துக்கு அவள் வைத்திருக்கிற அளவு வேறு. ஆடு தெரிய வேண்டும். ஆட்டு மேல் கிடக்கிற பொட்டு தெரியக் கூடாது. அப்படி ஒரு வெளிச்சம் வந்தால் அதற்குப் பேர் மசங்கல். பொட்டு தெரிந்தால் பொழுது இன்னும் கிடக்கிறது. ஆடே தெரியாமல் போனால் இருட்டிவிட்டது.

நாகலாபுரத்துக்குத் தெற்கே, மினி பஸ் வந்து திரும்புகிற கடைசி ஊர் அது. அந்தப் பக்கத்துச் செம்மறிகளுக்கு வெள்ளை உடம்பு. அதில் காவியைக் கையால் அள்ளித் தெளித்த மாதிரிப் பொட்டு. காட்டிலிருந்து திரும்புகிற மந்தையில் அந்தப் பொட்டை வைத்துத்தான் இன்ன ஆடு இன்னாருடையது என்பார்கள். பொழுது உடைமரங்களுக்குப் பின்னால் இறங்கி, சிவந்து, அந்தச் சிவப்பும் வற்றிய பிறகு பொட்டெல்லாம் உடம்போடு கரைந்துபோகும். கொஞ்ச நேரத்துக்கு எல்லா ஆடும் ஒரே சாம்பல் நிறம். எது யாருடையது என்று உடையவனாலேயே சொல்ல முடியாது. புஸ்தகத்தில் இதை அந்தி என்று எழுதியிருக்கும். ஊர்ப் பேச்சில் மசங்கல்.

"அப்ப கறுப்பு ஆடு வளக்கவன் மசங்கலை எதை வச்சுட்டி கண்டுபிடிப்பான்?" என்று இசக்கிராஜா ஒரு தடவை போனில் கேட்டான்.

"அவனுக்கு விடியும்போதே மசங்கிருக்கும்" என்றாள் பூங்கொடி.

குவைத்தில் ஒரு மணல்மேட்டின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு அவள் புருஷன் சிரித்தான். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தான். அந்த மாதிரி அவன் சிரித்து அவள் நேரில் கேட்டதே இல்லை.

அவன் குவைத்துக்குப் போனது மகள் பிரேமா இரண்டாம் வகுப்பு படிக்கையில். மழை தொடர்ந்து பொய்த்துப்போய், மந்தையில் பாதிக்கு மேல் விற்றுத் தீர்ந்து, மிச்சத்தைப் பூங்கொடி பார்த்துக்கொள்வது, அவன் போய் வருவது என்று ஆயிற்று. அங்கேயும் ஆட்டுவேலைதான். "கடலைத் தாண்டிப் போயும் கையில தொரட்டிக் கம்பைத்தானய்யா கொடுத்தாம்" என்று ஊருக்கு வருகிற போதெல்லாம் சொல்வான். வந்ததும் இரண்டே தடவைதான். ஒன்று அவனுடைய அம்மா இறந்தபோது. இன்னொன்று பிரேமாவின் சடங்குக்கு. இரண்டு தடவையும் வீடு நிறைய ஆள்.

அவன் போவதற்கு முன்னால் சேர்ந்து குடும்பம் நடத்திய வருஷங்களிலும் அவர்கள் பேசிக்கொண்டது என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வருஷத்தில் பாதி நாள் அவன் கிடையோடு போய்விடுவான். அறுவடையான நிலத்தில் ராத்திரிக்கு ஆட்டை வலைக்குள் அடைத்துப்போட்டு, நிலத்துக்கு எரு விழவிட்டு, விடிந்ததும் எழுப்பிக்கொண்டு, நிலம் நிலமாக ஆற்றங்கரை வயல் வரைக்கும் நடந்தே போகிற பிழைப்பு. வீட்டில் இருக்கிற நாளில் மாமியார் இருப்பாள், கொழுந்தன் இருப்பான். "தண்ணி கொண்டா." "சோறு வையி." "வாரேன்." அதற்கு மேல் நாலு பேர் பார்க்க உட்கார்ந்து பேசினால், "என்னட்டி, நேத்துத்தான் தாலி கட்டுனானோ?" என்று கேட்க ஊரில் ஆள் உண்டு.

பேச்சு ஆரம்பித்ததே அவன் கடல் தாண்டிய பிறகுதான்.

அங்கே ஆட்டுக்கொட்டகை பள்ளத்தில் இருந்தது, சிக்னல் எடுக்காது. கொஞ்சம் தள்ளி ஒரு மணல்மேடு. பொழுது விழ, ஆட்டை அடைத்து, தண்ணீர் காட்டி, முகத்தைக் கழுவிக்கொண்டு அதன் மேல் ஏறினால் எடுக்கும். அது அங்கே மசங்குகிற நேரம். இங்கேயோ எல்லாம் முடிந்திருக்கும். சோறு தின்று, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, தெருவிளக்கைச் சுற்றிப் பூச்சி பறந்துகொண்டிருக்கும். போன் அடித்ததும் பூங்கொடி ஹலோ சொல்ல மாட்டாள்.

"மசங்கிருச்சா?" என்பாள்.

"மசங்கிருச்சு. அங்கன?"

"இங்கன எப்பவோ மசங்கி, இருட்டி, சோறும் தின்னாச்சு."

இப்படித்தான் தொடங்கும். யாரும் திட்டம் போட்டு வைத்த வார்த்தை இல்லை. முதல் தடவை அவன் குரலைக் கேட்டதும் என்ன கேட்பது என்று தெரியாமல் அதைக் கேட்டுவைத்தாள். அடுத்த நாளும் அதுவே வந்தது. பிறகு அது இல்லாமல் பேச்சு ஆரம்பிக்க மாட்டேன் என்றது. ஏதாவது கோபத்தில் அவள் கேட்காமல் இருந்தால் அவனே, "ஏட்டி, நீ இன்னும் மசங்கிருச்சான்னு கேக்கல" என்பான்.

அவன் அங்கத்து வெளிச்சத்தைச் சொல்வான். "இங்கன மசங்கல் நம்மூரு கணக்கா இல்லட்டி. பூராம் தூசி. பொழுது விழுந்த பொறவும் வானத்துல மஞ்சத்தண்ணியக் கொட்டுன மாதிரி கெடக்கும்." முதலாளியின் அப்பா, நல்ல வயசாளி, அந்த நேரத்தில் தொழுதுவிட்டு வந்து அவன் பக்கத்தில் மேட்டில் உட்காருவாராம். பொதுவாக ஒரு பாஷை கிடையாது. ஒரு பிளாஸ்கில் இருந்து இரண்டு பேரும் சாயா குடிப்பார்களாம். போனில் பூங்கொடியின் குரல் கேட்டால் கிழவர் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி உட்கார்ந்துகொள்வாராம். "மரியாத தெரிஞ்ச மனுசன்" என்பாள் இவள்.

இவள் ஊரைச் சொல்வாள். எந்த ஆடு குட்டி போட்டது, எதற்கு வயிறு உப்பிக்கொண்டது, கிழக்கே யார் நிலத்தில் சோலார் தகடு வந்து மேய்ச்சல் போனது. அதெல்லாம் தீர்ந்த பிறகு, நேரில் ஒரு நாளும் வாய்விட்டிருக்க மாட்டாத ஒன்றும் வெளியே வரும். கல்யாணத்தன்று அவள் அப்படித் தேம்பித் தேம்பி அழுதது பிறந்த வீட்டை விட்டுப் போகிறோமே என்றில்லை. பந்திக்கு அறுத்த கிடா அவள் புட்டிப்பால் ஊட்டி வளர்த்தது. இதை அவள் சொன்னது போனில்தான்.

"அடிப்பாவி! எங்க இலைல நீதான கறிய அள்ளி வச்ச?"

"வைக்கச் சொன்னாவ, வச்சேன். நீங்களும் எலும்பை விடாமத்தான உறிஞ்சுனீங்க?"

ஒரு தடவை பிரேமா இருவருக்கும் வீடியோ போட்டுக் கொடுத்தாள். முகம் வந்தது. அவன் மீசையைத் தடவினான். இவள் முந்தானையை இழுத்து விட்டாள். "நல்லாருக்கீங்களா?" "ம். நீ?" "இருக்கேன்." "சரி, வைக்கட்டுமா?" அவ்வளவுதான் அன்றைக்கு. மறுநாள் பழையபடி குரல் மட்டும் வந்தபோது இரண்டு பேரும் பரீட்சை முடிந்த பிள்ளைகள் மாதிரிப் பேசினார்கள்.

போன மழைக்காலத்தில் அந்தக் கிழவர் இறந்துபோனார். அன்றைக்கு மேட்டில் ஏறி, "பக்கத்துல ஆளில்லட்டி இன்னைக்கு" என்றான் இசக்கிராஜா.

"வந்துருங்க" என்றாள் பூங்கொடி.

அவ்வளவு சுளுவாக வந்துவிட்டது அந்த வார்த்தை. அவனும் தை மாதம் வந்துவிட்டான்.

வந்தன்று சாயங்காலம், பார்க்க வந்தவர்கள் கலைந்து, பிரேமாவும் அப்பா கொண்டுவந்த சாக்லேட்டைப் பையில் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்கு, அவள் நர்சிங் படிக்கிற விடுதிக்கு, பஸ் ஏறியபின், பூங்கொடி ஆட்டை அடைத்துவிட்டு வந்து விளக்கு ஏற்றினாள். அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் வாசலைப் பார்க்க உட்கார்ந்திருந்தான். வெளியே பொட்டு தெரியாத வெளிச்சம். அத்தனை வருஷமும் அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான். நகை, வீட்டுக்கு மாடி என்றெல்லாம் இல்லை. அங்கே மசங்க இங்கே இருட்டிக் கிடக்கிற அந்த இடைவெளி இல்லாமல், ஒரே மசங்கலில் இரண்டு பேரும் இருந்துவிட வேண்டும்.

"மசங்கிருச்சு" என்றாள்.

"ம்" என்றான் அவன்.

அவள் காத்திருந்தாள். அவன் ஒரு தடவை தொண்டையைச் செருமினான். டீவி மேல் அவளுடைய போன் கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இருட்டி, சோறும் தின்று, வழக்கமாக அடிக்கிற நேரம் வந்தும் அது அடிக்கவில்லை. அடிக்க வேண்டிய ஆள்தான் நாற்காலியில் இருக்கிறானே.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவன் விருந்தாளி மாதிரி நடந்துகொண்டான். "இந்தச் சொம்பை எடுத்துக்கிடவா?" என்று கேட்டான். சட்டையைத் தானே துவைத்துக் காயப்போட்டான். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றான். ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் அவளுக்குக் குறை. ராத்திரி பக்கத்தில் படுத்திருப்பவனைப் பார்க்கையில், மேட்டில் உட்கார்ந்து தன்னிடம் அத்தனையும் பேசிய அந்த இன்னொருத்தனை நினைத்து அவளுக்கு ஏக்கமாக வரும். இவன் வந்து சேர்ந்துவிட்டான். அவன் எங்கேயோ தங்கிவிட்டான். இதைப் போய் யாரிடம் சொல்வது? புருஷன் வீட்டில் இருக்கையில் புருஷனைத் தேடுகிறேன் என்றால் சிரிக்க மாட்டார்களா?

ஆடுகளும் அவனை ஒத்துக்கொள்ளவில்லை. அவன் விட்டுப்போன ஆடுகளின் பேரன் பேத்திகள் அவை. பூங்கொடி குரலுக்குப் பழகியவை. அவள் "ம்ப்பா, ம்ப்பா" என்றால் ஓடிவரும். அவன் வாயில் அந்தக் கூப்பாடு மறந்து, தொண்டைக்குள் இருந்து "ஹர்ர்ர், ஹே" என்று அங்கத்துச் சத்தம் வந்தது. ஆடுகள் காதைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு எதிர்த்திசையில் நடந்தன. பக்கத்து வீட்டு வள்ளித்தாய் படலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏ பூங்கொடி, உம் மாப்பிள்ளை ஆட்டைக் கூப்புடுதாரா, ஒட்டகத்தைக் கூப்புடுதாரா?"

"உங்களத்தான் கூப்புடுதாவ போலுக்கு, போயிப் பாருங்கக்கா" என்றாள் பூங்கொடி. திருப்பிச் சொல்லிவிட்டாளே தவிர, அவன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்துவிட்டாள்.

பிரேமா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

"அம்மா, அப்பா பேசுதாவளா?"

"பேசுதாவ."

"என்ன பேசுதாவ?"

"மோட்டாரை நிறுத்தவான்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"நிறுத்துங்கன்னேன்."

"நல்லாருக்கும்மா உங்க குடும்பம்" என்று சிரித்தாள் பிரேமா. பூங்கொடியும் சிரித்துவைத்தாள்.

பங்குனி பிறந்து நிலமெல்லாம் வெடிப்பு விட்டிருந்த சமயத்தில் அந்தத் தகவல் வந்தது. குவைத்தில் அவனோடு வேலை செய்கிற சுடலைமணி, கயத்தாற்றுப் பக்கத்துக்காரன், சொல்லியிருந்தான்: முதலாளி மறுபடியும் கேட்கிறார், விசா ரெடி, வெள்ளிக்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று ஒரு பதில் வேண்டும். இசக்கிராஜா அதை அவளிடம் சொன்னான். அடுப்படி வாசலில் நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"வெள்ளிக்குள்ள சொல்லணுமாம்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெயிலில் காய்ந்து, கண்ணோரம் சுருங்கி, மீசையில் பாதி வெளுத்த முகம். மேட்டுக்காரனிடம் என்றால், போகவும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பாள். இந்த முகத்திடம் வார்த்தை எழும்பவில்லை. போக ஆசையாக இருக்கிறதோ என்னவோ, வழியை மறிப்பானேன் என்றும் தோன்றியது. கழுநீர் வாளியை எடுத்துக்கொண்டு ஆட்டுக்குட்டிகளைப் பார்க்கப் போய்விட்டாள். அவன் நிலையைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றதை முதுகு சொல்லிற்று. திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் ராஜமணி நாயக்கர் நிலத்தில் கிடை போட்டிருந்தார்கள். கண்மாய்க்கரையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் நாயக்கர் நிலம். வீட்டிலிருந்து நடந்தால் வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம்தான் ஆகும். பகலில் மேய்ப்பது பூங்கொடி. பொழுது சாயும்போது வலைக்குள் சேர்த்துக் கட்டிவிட்டு அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ராத்திரிக் காவலுக்கு அவன் போவான்.

வியாழக்கிழமையும் அப்படித்தான். அவள் வந்து கைகால் கழுவி, விளக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தால் தூக்குச்சட்டி அடுப்படியிலேயே இருந்தது. சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருக்கிறான். வாசலில், கால் பிசகியதால் கிடைக்கு ஓட்டாமல் கட்டிப்போட்டிருந்த பெட்டை ஆடு ஒன்று படுத்திருந்தது. அதன் விலாவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டு உண்டு. அதை இப்போது இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

சட்டியை எடுத்துப்போக வரச்சொல்லலாம் என்று போனை எடுத்தாள். பார்க்காமலே விரல் போய்த் தொட்டது. பன்னிரண்டு வருஷப் பழக்கம். விரலுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். 'அப்பா குவைத்' என்று பிரேமா பதிந்து கொடுத்த பழைய எண். தெரிந்து துண்டிக்கப் போவதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"மதினி! என்ன மதினி, இங்கன வெயிலு மண்டையப் பொளக்கு, இந்நேரத்துல கூப்புடுதீங்க?"

சுடலைமணி. இசக்கிராஜா அந்த சிம்மை அவனிடம் விட்டுவிட்டு வந்திருந்தான்.

"தெரியாமத் தொட்டுட்டேன் தம்பி. நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன் மதினி. அண்ணன் எப்ப வாராவ? முந்தாநாள் பேசும்போது வாரேன்னு முக்காவாசி சொல்லிட்டாவ. நாளைக்கு உறுதியாச் சொன்னாப் போதும்."

"அவியளே சொன்னாவளா?"

"ஆமா. மதினி என்ன சொல்லுதாவன்னு கேட்டேன். அவ ஒரு வார்த்த பேசல, வாளியத் தூக்கிட்டுப் போயிட்டா, நான் இங்கன இருந்து அவளுக்கு என்ன ஆவப்போவுதுன்னாவ." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ஆனா மதினி, ஒண்ணு சொல்லுதேன். இங்க இருக்கும்போது மத்தியானத்துலயே சிரிச்ச மூஞ்சியாத் திரிவாவ, சாயங்காலம் உங்ககூடப் பேசணும்னு. இப்ப ஊர்ல இருந்துக்கிட்டு குரலே செத்துப்போயிப் பேசுதாவ. ஒடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

"ஒண்ணுமில்ல தம்பி" என்று சொல்லி வைத்தாள்.

நின்றாள். காற்று விழுந்துவிட்டிருந்தது. தூரத்தில் காற்றாலைகளின் தலையில் சிவப்பு விளக்கு ஒவ்வொன்றாக முழித்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு போனதைத் தவிர, தான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அதையே அவன் பதிலாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். நாளை வெள்ளிக்கிழமை. முகத்துக்கு நேரே நின்று சொல்ல இன்று ராத்திரிக்குள் அவளுக்கு வாய் முளைத்துவிடுமா?

போனைப் பார்த்தாள். 'அப்பா ஊர் நம்பர்' என்று இன்னொன்று இருந்தது. அவன் வந்ததிலிருந்து ஒரு தடவைகூட அதைத் தொட அவசியம் வந்ததில்லை. தொட்டாள்.

எடுத்தான். அவன் பக்கம் ஆடு கத்துவது கேட்டது. சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டீர்களே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"மசங்கிருச்சா?" என்று வந்தது.

அந்தப் பக்கம் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது.

"மசங்கிருச்சு" என்றான். அது அந்தக் குரல். மேட்டுக்காரன் குரல். "அங்கன?"

எப்பவோ மசங்கி இருட்டியாச்சு என்கிற பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அத்தனை வருஷமும் சொன்ன பதில். பூங்கொடி வாசலைப் பார்த்தாள். பெட்டை ஆடு சாம்பலாகப் படுத்திருந்தது. பொட்டைக் காணோம்.

"இங்கனயும் இப்பத்தான் மசங்குது" என்றாள்.

அவன் சிரித்தான். லேசாகத்தான். "அட, ஆமால்ல" என்றான்.

பிறகு கரை உடைந்த மாதிரி வந்தது பேச்சு. அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, போனைக் காதில் வைத்தபடியே தெருவில் இறங்கினாள். அவன் ஆட்டைப் பற்றிச் சொன்னான்.

"ஒண்ணுகூட எங்கிட்ட ஒட்ட மாட்டேங்குட்டி. நெத்தியில பொட்டுக் கெடக்குல்லா, அந்தக் கெழட்டு ஆடு, அது என்னைய அளவெடுக்கு."

"அது என்னையவே இன்னும் நம்பல. நீங்க அரபுல அதட்டுனா?"

"வாய்ல அதுதாம்ட்டி வருது. வள்ளித்தாய்க்காரி வேற ஒட்டகம்ங்கா."

"அவ மாப்பிள்ளையக் கூப்ட்டா அவரும் வரமாட்டாருன்னு சொல்லவேண்டியதுதான?"

சிரித்தான். இப்போது பழைய சிரிப்பு, இருமலும் வந்தது. அவள் கண்மாய்க்குப் போகிற பாதையில் திரும்பினாள். பருத்திமார் அடுக்கியிருந்த இடத்தைத் தாண்டினாள். இருமல் நின்றபின் அவன் குரல் இறங்கியது.

"கெழவர் போன பொறவு ஊருக்கு வந்துட்டா எல்லாம் சரியாப்போவும்னு நெனச்சேன். வந்து பாத்தா, மசங்கவும் காலு பரபரங்குது. எங்கயோ ஏறணும், ஏறுனா நீ இருப்பன்னு தோணுது. எந்த மேட்டுல ஏறன்னுதான் தெரியல. நீ எதுக்க நிக்க, சோறு வைக்க. ஆனா நான் பேசுன ஆளு நீதானான்னு சந்தேகமா இருக்கு."

பூங்கொடி நடையை நிறுத்தினாள். தனக்கு மட்டும்தான் என்று அவள் ஒளித்துவைத்திருந்ததை அவன் எடுத்து நீட்டிவிட்டான்.

"எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு" என்றாள்.

"நெசமாவா?"

"நெசமா. ராத்திரி உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன். நீங்க தூங்குனப்பொறவு."

"நான் எங்க தூங்குனேன்?" என்றான் அவன்.

அவள் கரையில் ஏறினாள். கண்மாயில் தண்ணீர் இல்லை. அடியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மேலே ஏறியதும் நாயக்கர் நிலம் தெரிந்தது. கரிசல் முழுக்க இருள் ஊறத் தொடங்கிவிட்டது. ஆடுகள் மட்டும் அதன் நடுவில் ஒரு பெரிய வெளுத்த திட்டாகக் கிடந்தன. ஓரத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. எழுந்தது.

"ஏட்டி, இரு. கரைல யாரோ வாராவ."

"யாரு?"

"தெரியல. பொம்பளையாளு. கையில தூக்குச்சட்டி மாதிரி இருக்கு."

"ஆளு எப்பிடி?"

"நல்லாத்தான் நடந்து வாரா. வரப்புல பழகுன காலு."

"பாக்க?"

"மூஞ்சி தெரியலயே. மசங்கலால்ல இருக்கு."

"தெரிய வேண்டாம். அங்கனயே இருங்க. எந்திரிச்சு வராதீங்க" என்றாள் பூங்கொடி.

அவன் உட்கார்ந்தான். அவள் கரையை விட்டு இறங்கி, வெடிப்பைத் தாண்டித் தாண்டி வந்து, அவன் இருந்த பக்கத்துக்குப் போகாமல் வலைக்கு இந்தப் பக்கமே சட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நடுவில் மந்தை. அவள் குரல் பட்டதும் ஆடுகள் எழுந்து கத்தின. ஒவ்வொரு கத்தலும் இரண்டு தடவை கேட்டது: முதலில் காற்றில், கொஞ்சம் பிந்திப் போனில். அவள் சும்மா இருந்து அவை அடங்குகிற வரை கேட்டாள். பன்னிரண்டு வருஷம் அவன் காதுக்கு இந்தப் பிந்திய சத்தம்தான் போயிருக்கும் என்று நினைத்தாள்.

"சுடலைமணிகிட்டப் பேசுனேன்" என்றாள்.

மந்தைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆள் நிமிர்ந்தது.

"வாளியத் தூக்கிட்டுப் போனது குட்டிக்குத் தண்ணி வைக்க. பதில் சொல்ல இல்ல."

"அப்ப பதில் என்ன?"

ஆடுகளின் முதுகுக்கு மேலே அவன் இருந்த இடத்தை அவள் பார்த்தாள். ஆள் தெரிந்தது. மீசை தெரியவில்லை, வெளுப்பு தெரியவில்லை, கண்ணோரச் சுருக்கம் தெரியவில்லை. ஆள் மட்டும் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

"போவாதீங்க" என்றாள்.

சிவப்பு விளக்குகள் தூரத்தில் ஒரே மாதிரி அணைந்து எரிந்தன. ஒரு குட்டி தாயைத் தேடி முட்டிக்கொண்டு போனது. எத்தனையோ நாள் போனில் இப்படிக் காத்திருந்திருக்கிறாள். அப்போதெல்லாம் இடையில் கடல் இருந்தது, பதில் வந்துசேரத் தாமதமாகும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

"சரிட்டி" என்றான் இசக்கிராஜா. முதலில் கிடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. பிறகு அவள் காதுக்குள் கேட்டது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவன் மூக்கை உறிஞ்சுவது போனில் கேட்டது. அதை அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"என்ன கொழம்பு?" என்றான் கொஞ்சம் பொறுத்து.

"கருவாடு. கத்திரிக்கா போட்டது."

"பசிக்கு."

"பசிக்கும். மறந்துட்டு வந்தா பசிக்கத்தான் செய்யும்."

"சரி, போனை வச்சிருவமா? இங்கன வந்து உக்காரு. பக்கத்துல இருந்தே பேசுவோம்."

பூங்கொடி அவன் இருந்த பக்கம் பார்த்தாள். மேற்கே இன்னும் ஒரு கோடு வெளிச்சம் மிச்சமிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் இப்பிடியே இருப்போம்" என்றாள். "நல்லா இருட்டட்டும், வாரேன்."